ஆள் குறைவான ஸ்டேஷனில் ரவுடிக் கும்பலை ஒடுக்குவது எப்படி? புதிய ஆய்வாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர ஊர் காவல் நிலையத்துக்கு நீங்கள் ஆய்வாளராகப் பொறுப்பேற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் நாற்பது பேர் இருப்பார்கள். அதில் பாரா, கோர்ட் டூட்டி, ரைட்டர், கம்ப்யூட்டர், மாற்றுப்பணி, மருத்துவ விடுப்பு எல்லாம் கழித்தால் தெருவில் இறங்குவதற்குப் பத்துப் பேர் மிஞ்சினாலே அதிகம். ஊரில் தேர், பக்கத்து ஊரில் அமைச்சர் வருகை என்றால் அந்தப் பத்துப் பேரும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்கள்.

எதிரில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. கந்து வட்டி, கட்டப்பஞ்சாயத்து, கடை மாமூல், மணல், கஞ்சா என்று தினமும் காசு வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காசில் வக்கீல் வைக்கலாம், பையன்களைப் பிடிக்கலாம், தகவல் வாங்கலாம்.

ஆள், வண்டி, டீசல் கேட்டு மேலே எழுதிக்கொண்டே இருங்கள். ஆனால் அது வராது என்று வைத்துக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள். பத்துப் பேரை வைத்து ஒரு கும்பலை உடைக்க முடியும். அதற்கு நம்மிடம் உள்ள பெரிய ஆயுதம் நேரத்துக்குத் தாக்கலாகும் குற்றப்பத்திரிகைதான். லத்தியையும் துப்பாக்கியையும் நம்பி இறங்கியவர்கள் ஒரு மாதம் பேப்பரில் வந்தார்கள், அப்புறம் கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கும்பல் அப்படியே இருந்தது.

முதல் இரண்டு வாரம்: ஸ்டேஷனை விட்டு வெளியே போகாதீர்கள்

பொறுப்பேற்றவுடன் வாகனச் சோதனை, இரவு ரோந்து என்று கிளம்பத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் ரைட்டரை உட்காரவைத்து மூன்று பட்டியல் எடுங்கள்: புலன் விசாரணை முடியாமல் கிடக்கும் வழக்குகள், நிறைவேற்றாத பிடியாணைகள், சரித்திரப் பதிவேட்டில் (தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய பழைய குற்றவாளிகளின் பதிவேடு) உள்ளவர்கள்.

மூன்றிலும் திரும்பத் திரும்ப வரும் பெயர்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பெரும்பாலும் ஏழெட்டுப் பெயர்தான் வரும். அடிதடி, கொலை மிரட்டல், வழிப்பறி என்று ஐந்தாறு எஃப்.ஐ.ஆர். இருக்கும். பாதியில் குற்றப்பத்திரிகையே போயிருக்காது. காயச் சான்று வாங்கவில்லை, ரசாயனப் பரிசோதனை அறிக்கை வரவில்லை, விசாரணை அதிகாரி மாறுதலில் போய்விட்டார் என்று ஏதாவது ஒரு காரணம் கோப்பில் எழுதியிருக்கும்.

இந்தக் குவியலை முதலில் தீர்க்கச் சொல்வதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111-வது பிரிவு, திட்டமிட்ட கூட்டுக் குற்றத்தைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. குறைந்தபட்சம் 5 ஆண்டு சிறை, அதிகபட்சம் ஆயுள், 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். உயிர் போயிருந்தால் மரண தண்டனை வரை போகலாம். மகாராஷ்டிரத்தில் 1999 முதல் இருக்கும் மோகா என்ற கூட்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் போன்ற ஒன்று நம்மிடம் இல்லையே என்று பல ஆண்டு புலம்பினோம். இப்போது சாதாரண ஸ்டேஷன் கையிலேயே அப்படி ஒரு பிரிவு வந்திருக்கிறது.

ஆனால் அதைப் போட ஒரு நிபந்தனை உண்டு. மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய, பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றங்களில், கடந்த 10 ஆண்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றைக் கோப்புக்கு எடுத்திருக்க வேண்டும். பத்து எஃப்.ஐ.ஆர். இருந்தும் குற்றப்பத்திரிகை ஒன்றுகூடப் போகவில்லை என்றால் 111 நிற்காது. பழைய ஆய்வாளர் தள்ளிப்போட்ட ஒவ்வொரு கோப்பும் அந்தக் கும்பலுக்குக் கொடுத்த சலுகை.

ஆகவே முதல் மூன்று மாதத்துக்கு ஒரு நல்ல உதவி ஆய்வாளரையும் ஒரு ஏட்டையும் இந்த வேலைக்கே ஒதுக்குங்கள், பந்தோபஸ்துக்குக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மருத்துவமனை, தடய அறிவியல் ஆய்வகம், அரசு வழக்கறிஞர் அலுவலகம் என்று நேரில் போய் உட்கார்ந்து காகிதம் வாங்கி வரட்டும். தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் 60 நாள், 90 நாள் கெடு தாண்டி, ஆள் தானாகவே ஜாமீனில் வெளியே வந்துவிடுவான்.

பட்டியலைச் சுருக்குங்கள்

ரவுடிப் பட்டியலில் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று வகை பிரித்து நூறு பேர் இருப்பார்கள். அதில் ஒருவர் இறந்திருப்பார், ஒருவர் துபாயில் இருப்பார், ஒருவர் பதினைந்து வருடத்துக்கு முன் கல்லூரிச் சண்டையில் மாட்டியவர், இப்போது ஆட்டோ ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 'ரவுடி வேட்டை' என்று அவரையும் விடியற்காலை தூக்கிவந்து உட்காரவைத்தால் நம்முடைய ஆள் நேரமும் வீண், அவருடைய அன்றைய கூலியும் வீண். அவர் மகன் நம்மைப் பற்றி என்ன நினைத்து வளர்வான் என்பதையும் யோசியுங்கள்.

பட்டியலில் சேர்க்கவும் நீக்கவும் உட்கோட்ட அதிகாரியின் (டி.எஸ்.பி.) உத்தரவு வேண்டும். காவல் நிலை ஆணைகளில் அதற்கு வழிமுறை இருக்கிறது. உண்மையாகவே ஒதுங்கியவர்களின் பெயர்களை நீக்கப் பரிந்துரை எழுதுங்கள். மிச்சம் உள்ளவர்களில் யாரால் அடுத்த ஆறு மாதத்தில் ஒரு உயிர் போகலாம், யாரிடம் ஊர்க்காசு அதிகம் சேர்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் விடையாக வருபவர்களை மட்டும் எடுங்கள். அந்த ஏழெட்டுப் பேர்தான் உங்கள் ஒரு வருட வேலை.

காசு எங்கிருந்து வருகிறது?

ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நான்கு விஷயங்களை எழுதுங்கள்: யாரிடம் வசூலிக்கிறான், யார் போய் வசூலிக்கிறார்கள், காசு யார் பெயரில் எந்த வடிவில் தங்குகிறது, யாரோடு பகை. ஊரில் ரகசியத் தகவல் சேகரிக்கும் தனிப்பிரிவு ஏட்டுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். அவரை வெறும் ரிப்போர்ட் அனுப்பும் ஆளாக வைக்காமல், எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.

வண்டிகள், மனைவி பெயரில் உள்ள மனை, மச்சான் பெயரில் உள்ள ஃபைனான்ஸ், நிலத்தின் வில்லங்கச் சான்று, யு.பி.ஐ. வரவு எல்லாம் அந்த நோட்டில் ஏற வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 107-வது பிரிவின்படி, குற்றத்தால் வந்த சொத்து என்று நம்பக் காரணம் இருந்தால் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதலோடு நீதிமன்றத்தில் முடக்கக் கேட்கலாம். நீதிமன்றம் 14 நாள் அவகாசத்தில் விளக்கம் கேட்கும். குற்ற வருமானம்தான் என்று முடிவானால் மாவட்ட ஆட்சியர் மூலம் பாதிக்கப்பட்டவர்களுக்கே பிரித்துக் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு மாலையோடு திரும்புகிறவன், வீட்டு மனையில் நீதிமன்ற நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் நிச்சயம் ஆடிப்போவான். அவனை நம்பிச் சுற்றும் பையன்களும் அதைப் பார்ப்பார்கள்.

கந்து வட்டி மனு வந்தால்

கும்பலின் அடித்தளம் பல ஊர்களில் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சந்தையில் காய்கறி விற்கும் ஒரு அம்மா மனுவோடு வந்து நிற்கிறார். "மிரட்டுறாங்க சார்" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. பின்னால் வாசலில் ஒருவன் பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த இடத்தில் நம் ஸ்டேஷன்களில் வழக்கமாக வரும் பதில், "கொடுக்கல் வாங்கல் தானேம்மா, சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க." 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்கு இரையானார். கந்து வட்டிக் கொடுமை என்று அதற்கு முன் பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். மனுவை வாங்கி ஓரத்தில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குடும்பம் நினைவுக்கு வர வேண்டும்.

அந்த அம்மாவை உள்ளே அழைத்து, முடிந்தால் பெண் காவலர் ஒருவரோடு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். "கையில எவ்வளவும்மா வந்துச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. 10,000 ரூபாய் கடன் என்பார். முன்வட்டி பிடித்தது போக 8,500 வந்திருக்கும். அடுத்து, இதுவரை எவ்வளவு கட்டினார், யார் வந்து வாங்கினார்கள். அந்தத் தண்டல் அட்டை, பின்பக்கம் தேதி குறித்த காலண்டர், ஜிபே ரசீது எல்லாமே ஆதாரம். அப்புறம் முக்கியமானது: எதைக் கொடுத்து வைத்திருக்கிறார்? கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை, நிரப்பாத புரோநோட், ஏ.டி.எம். அட்டை, ரேஷன் அட்டை, வீட்டுப் பத்திரம். இவை வட்டிக்காரன் வீட்டில் ஒரே பையில் இருக்கும். சோதனையில் அந்தப் பை கிடைத்தால் ஒரு அம்மாவின் வழக்கு முப்பது குடும்பங்களின் வழக்காகும்.

தமிழ்நாடு அரசு 2003-ல் கொண்டுவந்த அதிக வட்டி வசூல் தடைச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. கடன் வாங்கியவர் தற்கொலை செய்துகொண்டு, அதற்கு முன் அவரைத் துன்புறுத்தியது நிரூபணமானால், தூண்டியதாகவே நீதிமன்றம் கருதவும் அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. மிரட்டிப் பணம் பறித்தல், கொலை மிரட்டல் பிரிவுகளையும் சேர்த்துப் போடுங்கள். 2022 ஜூனில் மாநிலம் முழுக்க 'ஆபரேஷன் கந்துவட்டி' நடந்தபோது மனுக்கள் குவிந்தன. கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் சனம் தானாக வரும்.

ஸ்டேஷனில் உட்காரவைத்து இரண்டு பேருக்கும் நடுவில் 'பேசி முடிப்பது' மட்டும் வேண்டாம். அதுவும் ஒரு கட்டப்பஞ்சாயத்துதான், சீருடை போட்ட கட்டப்பஞ்சாயத்து.

சோதனையை வீடியோ எடுப்பது இப்போது சட்டப்படியே கட்டாயம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 105-வது பிரிவு அதைச் சொல்கிறது, செல்போன் போதும். மின்னணு ஆதாரம் எதுவானாலும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றை அன்றே வாங்கிக் கோப்பில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து சாட்சிக் கூண்டில் நிற்கும்போது தேடினால் கிடைக்காது.

கஞ்சா: பொட்டலக்காரனோடு நிற்காதீர்கள்

நம் ஊருக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி ஆந்திர-ஒடிசா எல்லை மலைப்பகுதியிலிருந்து வருவது. ரயிலிலும் லாரியிலும் சென்னை வந்து, தெற்கே பரவி, ஒரு பகுதி வேதாரண்யம், ராமேஸ்வரம், தூத்துக்குடிக் கடலோரம் வழியாக இலங்கைக்கும் போகிறது. போதைப்பொருள் சட்டப்படி 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவு என்றால் 37-வது பிரிவின்படி ஜாமீன் மிகக் கடினம். இது கும்பலுக்கும் தெரியும். அதனால் ஒரு ஆளிடம் 20 கிலோவுக்குக் குறைவாகவே கொடுத்து அனுப்புவார்கள்.

பள்ளிக்கூட வாசலில் 50 கிராமோடு ஒரு பையனைப் பிடித்துக் கணக்குக் காட்டுவது சுலபம். அவன் யாருக்குப் பணம் அனுப்பினான் என்று மூன்று படி மேலே போவதுதான் வேலை. காவல் கண்காணிப்பாளர் மூலம் அழைப்பு விவரம் வாங்குங்கள், யு.பி.ஐ. கணக்கைத் தொடருங்கள், மேலே உள்ளவர்களை 29-வது பிரிவின் கீழ் சதியில் சேருங்கள். போதைப்பொருள் சட்டத்தின் 68 எஃப் பிரிவு நிலையப் பொறுப்பு அதிகாரிக்கே சொத்தை முடக்க அதிகாரம் தருகிறது. தகுதி வாய்ந்த அதிகாரி அதை 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இந்த வழக்குகள் விடுதலையாவது பெரும்பாலும் சின்னச் சின்ன நடைமுறைப் பிழைகளில்தான். தகவலை எழுத்தில் பதிந்து 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்பினீர்களா, உடல் சோதனைக்கு முன் 50-வது பிரிவு உரிமையை (நடுவர் அல்லது அரசிதழ் அதிகாரி முன் சோதிக்கக் கேட்கும் உரிமை) சொன்னீர்களா, மாதிரியை 52 ஏ-படி நடுவர் முன் எடுத்தீர்களா? இதை ஒரு அட்டையில் எழுதி ஒவ்வொரு உதவி ஆய்வாளர் சட்டைப்பையிலும் வைக்கச் சொல்லுங்கள்.

பீட்டும் கேமராவும்

பத்துப் பேரை வைத்து ஊர் முழுக்க ரோந்து சுற்ற முடியாது, முயலவும் வேண்டாம். உங்கள் ஏழெட்டுப் பேர் புழங்கும் இடங்கள் எவை என்று பார்த்தால் ஒரு டாஸ்மாக் கடை, ஒரு பேருந்து நிலையம், இரண்டு தெரு, ஒரு குளத்தங்கரை என்று அடங்கிவிடும். ஒரே காவலரை அதே பீட்டுக்கு, அதாவது அதே ரோந்துப் பகுதிக்குத் தொடர்ந்து அனுப்புங்கள். வாரத்துக்கு ஒருவரை மாற்றினால் டீக்கடைக்காரர் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்.

கேமராவுக்குப் பணம் இல்லை என்றால் கடைக்காரர்களைக் கேளுங்கள். சென்னையில் 'மூன்றாவது கண்' திட்டம் பொதுமக்கள், வணிகர்கள் பங்களிப்போடுதான் பெரிதாக வளர்ந்தது. நகைக்கடைக் கேமராவில் ஒன்றைத் தெருவைப் பார்த்துத் திருப்பச் சொன்னால் போதும். எந்தக் கடையில் பதிவு எத்தனை நாள் நிற்கும் என்று ஒரு பட்டியலும் வேண்டும். பல கடைகளில் இரண்டு மூன்று வாரத்தில் அழிந்துவிடும்.

தடுப்பு நடவடிக்கை

நன்னடத்தைப் பிணைக்கு இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 126, 129-வது பிரிவுகள், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110. பிணை எழுதி வாங்குவது ஒரு சடங்காகிவிட்டது. எழுதிக் கொடுத்தவன் மீறியதை ஆதாரத்தோடு நிர்வாக நடுவர் முன் வைத்தால்தான் பயன். காவல் துணை ஆணையர்களுக்கு அந்த நடுவர் அதிகாரம் கொடுத்த அரசாணையை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நாமே பிடித்து நாமே தீர்ப்பும் சொல்ல முடியாது என்பது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

1982-ம் ஆண்டின் 14-வது சட்டமான குண்டாஸில் ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். இதைப் பெருமளவில் போடும் மாநிலம் நம்முடையது. உயர் நீதிமன்றத்தில் பெருமளவில் ரத்தாவதும் நம்முடையதுதான். ரத்தாகும் காரணங்களைப் பாருங்கள்: கொடுத்த நகலில் பக்கம் படிக்க முடியவில்லை, ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லை, மனுவைப் பரிசீலிப்பதில் தாமதம். ஒரு நல்ல ஜெராக்ஸ் எடுக்காததால் ஆறு மாத உழைப்பு போகிறது. என் கருத்தில் குண்டாஸ் மூச்சு விட நேரம் வாங்கித் தருவது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் அசல் வழக்குகளை விசாரணைக்குக் கொண்டுபோகவில்லை என்றால், வெளியே வரும் நாளில் அவனுக்குப் பெயர் கூடியிருக்கும்.

சாட்சியைக் காப்பாற்றுவது

கொலையைக் கண்ணால் பார்த்தவர் இரண்டு வருடம் கழித்து "எனக்கு எதுவும் தெரியாது" என்று சொன்னால் அவரைத் திட்டாதீர்கள். இடையில் நாம் ஒருமுறையாவது அவர் வீட்டுக்குப் போனோமா? நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 183-வது பிரிவின்படி நடுவர் முன் வாக்குமூலத்தை முதல் வாரத்திலேயே பதிவு செய்யுங்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. உட்கோட்ட அதிகாரியின் அச்சுறுத்தல் அறிக்கையோடு மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான சாட்சிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கும் குறைந்த செலவில், நீதிமன்றத் தேதியன்று சாட்சியைச் சாதாரண உடையில் ஒரு காவலர் வீட்டிலிருந்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடலாம்.

எதிர்த்தரப்புக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். நிபந்தனை ஜாமீனில் கையெழுத்துப் போடப் போகும் வழியில் எத்தனை பேர் பழிக்குப் பழியாக வெட்டப்பட்டிருக்கிறார்கள்! 2024 டிசம்பரில் நெல்லை நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் ஒரு கொலை நடந்தது. தென்மாவட்டங்களில் ஒரு கொலை அடுத்த கொலைக்கு நாள் குறிக்கிறது. யாருக்கு யாரோடு பகை என்ற உங்கள் நோட்டின் நான்காவது பத்தி இதற்குத்தான். நினைவு நாள், ஜாமீனில் வரும் நாள், அரிவாளோடு போட்ட ரீல்ஸ், இந்த மூன்றையும் கவனித்துவந்தாலே பல உயிரைக் காக்கலாம்.

கை வைக்காதீர்கள்

'கழிவறையில் வழுக்கி விழுந்து கை உடைந்தது' என்ற மாவுக்கட்டுப் படங்களுக்குச் சமூக ஊடகத்தில் கைதட்டல் கிடைக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் அடிக்கப்பட்டு இறந்தார்கள். அவர்கள் செல்போன் கடை வைத்திருந்த சாதாரண மனிதர்கள். ரவுடியிடம் பழகிய கை எல்லாரிடமும் நீளும். அது அநியாயம் என்பதே போதும். அதற்கு மேல், போலீஸிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது. அடித்து வாங்கியது நீதிமன்றத்தில் நம் மற்ற ஆதாரத்தையும் சேர்த்துக் கெடுக்கும். 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபடி ஸ்டேஷன் கேமராக்கள் வேலை செய்கின்றனவா என்று தினமும் காலையில் பாருங்கள். நேர்மையாக வேலை செய்யும் அதிகாரியைப் பொய்ப் புகாரிலிருந்து காப்பதும் அந்தக் கேமராதான்.

வீட்டுக்குள் இருக்கும் ஓட்டை

சோதனைக்குக் கிளம்பும் முன்பே தகவல் போய்விட்டால் காரணம் உள்ளே இருக்கிறது. மணல் லாரிக்கும் சீட்டாட்டத்துக்கும் மாமூல் வாங்கும் ஒருவர் இருந்தால், மேலே சொன்ன எதுவும் நடக்காது. நீங்கள் வாங்காமல் இருப்பது முதல் படி. சோதனைக் குழுவுக்கு இடத்தை வண்டியில் ஏறிய பிறகு சொல்லுங்கள். சந்தேகம் உறுதியானால் எழுத்தில் மேலே அனுப்பி ஆளை மாற்றக் கேளுங்கள்; நாலு பேர் முன் திட்டுவதால் எதுவும் திருந்தாது. நன்றாக வேலை செய்பவருக்கு வார விடுப்பைத் தவறாமல் கொடுங்கள். 2021-ல் அரசாணையே வந்தது. தூங்காத காவலரால் ஒரு பறிமுதல் மகஜரைக்கூடப் பிழையின்றி எழுத முடியாது.

மாறுதலுக்கு முன்

இரண்டு வருடத்தில், சில நேரம் ஆறே மாதத்தில், உத்தரவு வந்துவிடும். கும்பல்கள் அதற்காகத்தான் காத்திருக்கும். ஒவ்வொரு ஆளுக்கும் நீங்கள் எழுதிய நோட்டு, வழக்குகளின் அடுத்த தேதி, வர வேண்டிய ஆய்வக அறிக்கை, சாட்சிகளின் தற்போதைய முகவரி, சொத்தை முடக்கக் கேட்டு 107-ல் போட்ட மனுவின் நிலை, இவற்றை ஒரே கோப்பாக்கிப் புதியவர் கையில் நேரில் கொடுங்கள். ஒரு நகல் உட்கோட்ட அலுவலகத்துக்குப் போகட்டும். முக்கிய சாட்சிகளுக்கு நீங்களே போன் போட்டு, "இனி இந்த ஆய்வாளரைக் கேளுங்கள்" என்று புதியவரின் பெயரையும் எண்ணையும் சொல்லிவிட்டுப் பொறுப்பை ஒப்படையுங்கள்.